மரப்பரண்: நிலைத்து நிற்பதா, எடுத்துச் செல்வதா?

பரண் என்னும் சொல்லை அறியாதார் நம்மிடையே மிகச் சிலரே. வன்னி நாட்டிலும் மட்டக்களப்புப் பகுதியிலும் வயலையும் சேனையையும் காத்தற்பொருட்டு, மரக்கவர்களின் நடுவிலோ நாட்டிய கால்களின் மேலோ உயரத்தில் அமைக்கப்படும் சிறு மேடையே பரண். யானையும் பன்றியும் இரவில் இறங்கும் நிலத்திலே பரண்காவல் இல்லாத விளைவு வீடு வந்து சேருதல் அரிது.

இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சங்க நூல்களில் இது இதணம் என்றும் கழுது என்றும் பெயர் பெறுகின்றது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே, தினைப்புனங் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் மரத்தின்மீது கட்டப்பட்ட இதணத்தில் ஏறி, தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளைக் கொண்டு கிளி கடிகின்றனர். உயரத்தில் இருந்து காவல் புரியும் கானவனுக்குச் சேணோன் என்று ஒரு பெயரும் உண்டு. பரணையும் அதில் இருப்பவனையும் குறிக்கத் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மக்கள் நாம்.

ஆயினும் நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நம் நாட்டுப் பரண் அன்று. அமெரிக்க நாட்டுப் பரண். பாடசாலை அதிபர் ஒருவருக்கு அமெரிக்கப் பரணில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். அதற்குக் காரணம் என் பழைய மாணவர் ஒருவர். அவர் இப்பொழுது ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே தொழில் புரிகின்றார். விடுமுறையில் ஊர் வந்தபோது என்னைக் காண வந்தவர், “சேர், அங்கே பரணைக் கடையிலே விற்கிறார்கள்” என்றார். நான் நம்பவில்லை. பின்னர் அவர் விளக்கமாகச் சொன்னார். அவருடன் வேலை செய்யும் நண்பர்கள் இலையுதிர் காலத்திலே வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டைக்குச் செல்வர். அவ்வேட்டை மரத்தின்மீது பரணில் இருந்தே நடைபெறுவது. அடுத்த பருவத்திற்கு இவரையும் அழைத்திருக்கின்றனர். ஒரு நண்பர், “என் காட்டிலே நிலையான பரண் இருக்கின்றது, அதில் ஏறு” என்கின்றார். மற்றவர், “அதை நம்பாதே, முதுகிலே சுமந்து செல்லத்தக்க பரண் ஒன்றை வாங்கு” என்கின்றார். “எது நல்லது, சேர்?” என்று என் மாணவர் கேட்டார்.

நான் வேட்டைக்காரன் அல்லன். உயிர்க்கொலையில் எனக்கு விருப்பமும் இல்லை. ஆயினும் மரமேறப் போகின்றவன் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் இருத்தல் தகாது என்று தோன்றியது. அன்றுமுதல் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை உங்களுக்கும் கூறுகின்றேன்.

முதலில், வில்லாளிக்குப் பரண் எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். துப்பாக்கி ஏந்தியவன் 100 யாருக்கு அப்பால் நிற்கும் விலங்கையும் குறிபார்க்கலாம். வில்லாளிக்கு அது இயலாது. பெரும்பாலான அம்புகள் 20 முதல் 30 யார் தூரத்துக்குள்ளேயே எய்யப்படுகின்றன. அம்பு, துப்பாக்கிக் குண்டைப் போன்று அதிர்ச்சியால் கொல்வதன்று; கூரிய முனையால் வெட்டிக் குருதி பெருகச் செய்தே கொல்வது. ஆதலின் அது நெஞ்சறையைச் சரியாகச் சென்று தைத்தல் வேண்டும். தவறினால் விலங்கு காயத்துடன் ஓடிக் காட்டிலே கிடந்து வருந்தும். எனவே வில்லாளி விலங்குக்கு மிக அருகில் இருத்தல் வேண்டும்; விலங்கோ அவனை அறியாதிருத்தல் வேண்டும்.

அங்கே பெரிதும் வேட்டையாடப்படுவது வெண்வால் மான். அச்சமுற்றால் வாலை நிமிர்த்தி அதன் அடிப்புற வெண்மையைக் காட்டி ஓடுவதால் அதற்கு அப்பெயர். அதன் மூக்கு மிகக் கூர்மையானது, செவியும் அத்தகையதே. நிலத்திலே நிற்கும் மனிதனின் வாடையைக் காற்று கொண்டுசென்ற மறுகணமே அது மறைந்துவிடும். மனிதன் 15 முதல் 20 அடி உயரத்தில் அமர்ந்திருப்பானாயின், அவன் வாடை பெரும்பாலும் மானின் தலைக்கு மேலாகப் போய்விடும். மானின் பார்வையும் இயல்பாகத் தன் உயரத்திலேயே செல்வது. அவனுக்கோ நெடுந்தூரம் தெரியும். ஆனால் உயரம் மிகுந்தால் நன்மையும் மிகும் என்று எண்ணிவிடலாகாது. செங்குத்தாகக் கீழ்நோக்கி எய்யும்போது அம்பு படவேண்டிய இடம் ஒடுங்கிப்போகின்றது. ஒரு நுரையீரலில் மட்டும் பட்டு மற்றது தப்பிவிடவுங் கூடும். ஆகவே பரணின் உயரத்துக்கும் ஓர் அளவு உண்டு.

அமெரிக்காவின் ஆதிக்குடிகள் நிலத்தில் நின்றே வில்வேட்டை ஆடுவதில் வல்லவர்களாய் இருந்தனர். 1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, கலிபோர்னியாவின் ஒரோவில் என்னும் ஊரருகே, யாகி என்னும் குலத்தில் எஞ்சிய கடைசி மனிதர் ஒருவர் தன்னந்தனியராய் வெளிப்பட்டார். அவரை இஷி என்று அழைத்தனர். அவருடைய மொழியில் அதற்கு மனிதன் என்பது பொருள். சக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவரிடம் வில் வளைக்கவும் அம்பு செய்யவும் கற்றார். இஷி பரணை நாடவில்லை. புதர்மறைவிலே இருந்து, துன்புற்ற முயலைப் போன்று குரல் கொடுத்து விலங்குகளை அருகே வரச்செய்வார். 1916ஆம் ஆண்டு அவர் காலமானார். போப் தாம் கற்றவற்றை 1923ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அதன்பின் வில்வேட்டை வெள்ளையரிடையேயும் பரவியது. 1934ஆம் ஆண்டு விஸ்கொன்சின் மாநிலம் வில்லாளருக்கென்றே தனியான மான்வேட்டைப் பருவத்தை வகுத்தது. 1969ஆம் ஆண்டு, கப்பிகள் பொருத்திய புதுவகை வில்லுக்கு அலன் என்பவர் காப்புரிமை பெற்றார். இவ்வில்லை இழுத்துப் பிடித்து நிற்பது எளிது. இஷிக்கு இருந்த பொறுமையும் காட்டறிவும் இல்லாதவர்களும் இதனால் வில்லேந்தினர். அவர்களுக்குப் பரணின் உதவி பெரிதாயிற்று.

இனி, பரண் வகைகளைப் பார்ப்போம். நிலையான பரண் என்பது நம் காவற்பரணுக்குத் தம்பி முறையானது. இரண்டு மூன்று மரங்களுக்கிடையே சட்டங்களை ஆணியறைந்து, அவற்றின்மேல் பலகை பரப்பி, மரத்திலே படிகளும் அறைந்துவிடுவர். சிலர் கூரையும் சுவரும் வைத்துச் சிறு அறையாகவே கட்டுவர். இதன் நன்மைகள் வெளிப்படையானவை. இடம் அகலமானது, கால் நீட்டி இருக்கலாம். பனிபெய்யும் நவம்பர் மாதத்திலே விடியுமுன் சென்று, சுமையின்றி, ஓசையின்றி ஏறி அமரலாம். நாட்பட அவ்விடத்திலேயே இருப்பதால் மான்களும் அம்மேடையைக் காட்டின் ஒரு பகுதியாகவே கொள்கின்றன. வயது முதிர்ந்தவர்க்கும், தந்தையுடன் வரும் சிறுவர்க்கும் இத்தகைய இடம் வசதியானது.

அதன் குறைகளோ மறைவானவை. மரம் உயிருள்ள பொருள் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். மரம் நுனியில் நீள்கின்றது. அடியிலும் நடுவிலும் பருக்கின்றது. நான்கு அடி உயரத்தில் அறைந்த ஆணி நாற்பது ஆண்டின் பின்னும் நான்கு அடி உயரத்திலேயே இருக்கும். ஆனால் பருத்துவரும் தண்டு பலகையை வெளியே தள்ளும். பலகை தள்ளப்படத் தள்ளப்பட ஆணியின் பிடி குறையும். அன்றியும், இரண்டு மரங்கள் காற்றில் ஒன்றுபோல் ஆடுவதில்லை. ஒன்று இடப்பக்கம் சாயும்போது மற்றது வலப்பக்கம் சாயும். அவ்விரண்டையும் இணைத்து நிற்கும் சட்டத்தின் ஆணிகள் ஒவ்வொரு புயலிலும் சிறிது சிறிதாய் நெகிழும். மழையும் பனியும் பலகையை உக்கச் செய்யும். மேற்புறம் காய்ந்து உறுதியாய்த் தோன்றும் பலகையின் அடிப்புறம் ஈரத்திலே சோர்ந்திருக்கும். துருவேறிய ஆணியின் தலை வெளியே நன்றாய்த் தெரியும். உள்ளே அது அறுந்திருப்பது தெரியாது.

மரமே இறந்துவிடுதலும் உண்டு. 2002ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்திலே, ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த மரகதப் பச்சை நிறமுள்ள சிறு வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் ஆஷ் என்னும் மரத்தின் பட்டைக்குக் கீழே குடைந்து, நீரோட்டத்தை அறுத்து, மரத்தைக் கொன்றுவிடுகின்றன. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இவ்வாறு அழிந்தன. இறந்த ஆஷ் மரம் விரைவில் நொறுங்குந் தன்மை அடைகின்றது. முன்பு உறுதியானதென்று கருதிப் பரண் கட்டிய மரம், சில ஆண்டுகளிலேயே ஏறத்தகாத மரமாய்விட்டது. பரணை மரத்தோடு பிணைத்தவன் மரத்தின் விதியோடும் தன்னைப் பிணைத்துக்கொள்கின்றான்.

சட்டமும் ஒரு புறம் நிற்கின்றது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலே, பொது நிலத்திலுள்ள மரங்களில் ஆணியோ திருகாணியோ அறைந்து பரண் அமைத்தல் தடைசெய்யப்பட்டிருக்கின்றது. ஆணிக்காயம் மரத்துக்கு நோயை வரவழைக்கும். பின்னாளில் அம்மரத்தை அறுக்கும் ஆலையின் வாள் மறைந்திருக்கும் ஆணியில் மோதி உடைந்து தொழிலாளியைக் காயப்படுத்தவுங் கூடும். பொதுக் காடு ஒருவனுடைய உடைமையாகிவிடக்கூடாது என்பதும் காரணம். மிச்சிகனின் பொது நிலத்திலே எடுத்துச் செல்லும் பரணை வைப்பவனும் அது யாருடையது என்று காட்டும் விபரத்தை அதிற் பொறித்திருத்தல் வேண்டும். ஆகவே நிலையான பரண் பெரும்பாலும் சொந்த நிலம் உடையவர்க்கே உரியது.

எடுத்துச் செல்லும் பரண்களை நான்காக வகுக்கலாம். முதலாவதை ஏறுபரண் எனலாம். இது மேல், கீழ் என இரு சட்டங்களாலானது. ஒவ்வொன்றும் ஒரு வளையத்தால் மரத்தைச் சுற்றிப் பிடிக்கும். வேட்டைக்காரன் மேற்சட்டத்தில் இருந்து கால்களால் கீழ்ச்சட்டத்தை உயர்த்துவான். பின் கீழ்ச்சட்டத்தில் நின்று மேற்சட்டத்தை உயர்த்துவான். இப்படி மாறிமாறிப் பரணும் ஆளும் சேர்ந்தே மரத்தில் ஏறுவர். தளைநாரைக் காலில் இட்டுப் பனையேறும் நம் தொழிலாளியைப் பார்த்தவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும்: கை பிடிக்கக் கால் உயரும், கால் பிடிக்கக் கை உயரும். பனையைப் போலவே நேராக, கிளையில்லாது வளர்ந்த மரத்திலேதான் இப்பரண் ஏறும். வழுக்கும் பட்டையுள்ள மரமும், பட்டை உரியும் மரமும், உறைபனி படிந்த மரமும் இதற்கு ஆகா. இதன் நிறை ஏறக்குறைய 20 இறாத்தல், அதாவது 9 கிலோகிராம்.

இரண்டாவது தொங்குபரண். சிறு இருக்கையும் கால்வைக்கும் தட்டும் உடையது. இதனை வார்ப்பட்டியாலோ சங்கிலியாலோ மரத்தில் இறுக்கிக் கட்டுவர். இதற்கு ஏறத் தனியாகப் படித்தண்டுகளை மரத்திற் கட்டுதல் வேண்டும். கிளையுள்ள மரத்திலும், சற்றே வளைந்த மரத்திலும் பொருத்தலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் உயரத்தில் நின்றுகொண்டு இரு கைகளாலும் பரணைக் கட்டவேண்டியிருப்பது இதன் இடர். மூன்றாவது ஏணிப்பரண். ஏணியும் இருக்கையும் ஒன்றாயமைந்தது. மரத்திற் சாய்த்துக் கட்டப்படுவது. நிறை மிகுந்தது, நிறுத்துதற்கு இருவர் மூவர் வேண்டும். ஏறுவது எளிது. பருவம் முழுவதும் ஓரிடத்தில் நின்று பின் அகற்றப்படுவதால் இது நிலையானதற்கும் எடுத்துச் செல்வதற்கும் நடுவே நிற்பது. நான்காவது வகையிலே மேடையே இல்லை. வேட்டைக்காரன் இடுப்பையும் தொடையையும் தாங்கும் அகன்ற வார்த்தொட்டிலில் அமர்ந்து, மரத்தோடு கட்டிய கயிற்றிலே சாய்ந்திருப்பான். இதுவே சுமையிற் குறைந்தது. ஆயினும் பழக்கம் வேண்டுவது.

எடுத்துச் செல்லும் பரணின் பெருநன்மை, காற்றுக்கேற்ப இடம் மாறலாம் என்பதே. முன்னர்க் கூறியபடி மான் மூக்கினால் வாழ்வது. வேட்டைக்காரன் மான் வரும் வழிக்குக் காற்றின் கீழ்ப்பக்கத்தில் இருத்தல் வேண்டும். வடக்குக் காற்றுக்குப் பொருந்திய மரம் தெற்குக் காற்றுக்குப் பொருந்தாது. மலைச்சரிவிலே இன்னொரு நுட்பமும் உண்டு. காலையிலே வெயில் ஏற ஏறக் காற்று சரிவின் வழியே மேலெழும். மாலையிலே குளிர்ந்து கீழிறங்கும். ஆகவே காலைக்கு ஏற்ற இடம் மாலைக்கு ஏற்றதன்று. நிலையான பரண் ஒன்றே உடையவன், காற்று மாறிய நாளிலும் அங்கேயே ஏறுவானாயின், தன் வாடையைத் தானே மானுக்கு அறிவிக்கின்றான். சில முறை அவ்வாறு அறிந்த மான் பின்னர் அம்மரத்தை நிமிர்ந்து பார்த்தே கடக்கும். அல்லது இருளில் மட்டும் அவ்வழியே வரும். உணவு மாறும்போதும் மானின் வழி மாறும். கருவாலிமரக் கொட்டைகள் உதிரும்போது காட்டுக்குள்ளும், உதிர்ந்து தீர்ந்தபின் வயலோரத்திலும் அது மேயும். பரண் மானைப் பின்தொடர முடியும். ஆணியறைந்த மேடை பின்தொடராது.

ஆனால் இதற்கும் குறை உண்டு. இருளிலே, குளிரிலே, விறைத்த விரல்களால் ஒவ்வொரு முறையும் பூட்டிக் கட்டவேண்டும். ஒரு கொளுவியை மறந்தாலும் பரண் நழுவும். உலோகம் உலோகத்தில் மோதும் ஓசை அமைதியான காட்டிலே நெடுந்தூரம் கேட்கும். தட்டு குறுகியது, நெடுநேரம் இருக்க உடல் நோகும். இன்னும், எடுத்துச் செல்லும் பரணை வாங்கிய பலர், சோம்பலினால் அதனை ஆண்டு முழுவதும் மரத்திலேயே விட்டுவிடுகின்றனர். வெயிலிலே நைலோன் வார் வலியிழக்கும்; அணில் அதனைக் கடிக்கும்; பருக்கும் மரம் அதனை இறுக்கி அறுக்கும். அப்போது அது எடுத்துச் செல்லும் பரணும் அன்று, நிலையான பரணும் அன்று. இரண்டினது குறைகளையும் கொண்ட ஒன்று.

இவ்விடத்தில் என் வாழ்விலே நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1979ஆம் ஆண்டு, காலபோக நெல் கதிர் தள்ளிய காலம். எனக்குப் பத்து வயது. என் அம்மான் வன்னியிலே வயல் செய்துவந்தார். வயலோரத்துப் பாலைமரத்தில் ஆண்டுதோறும் புதுத்தடி வெட்டிப் பரண் கட்டுவது அவர் வழக்கம். பழைய தடிகள் எவ்வளவு நன்றாயிருந்தாலும் விறகுக்கே போகும். அந்த ஆண்டு அவர் காய்ச்சலிற் படுத்து எழுந்தவர். பன்றி இறங்கத் தொடங்கிவிட்டது. முந்திய ஆண்டுப் பரண் அப்படியே இருந்தது. கூரைக்கு மட்டும் புதிய ஓலை வேய்ந்துவிட்டு, மாலையில் என்னையும் அழைத்துச் சென்றார். முதலில் தாம் ஏறினார். ஏணிப்படிகள் தாங்கின. மேடையிலே இரண்டாவது காலை வைத்தபோது நடுத்தடி முறிந்தது. பன்னிரண்டு அடி உயரம், கீழே வேர்முண்டு. தொடை எலும்பு முறிந்து, உழவு இயந்திரத்தின் பெட்டியிலே வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அதன்பின் அவர் வயலில் இறங்கவில்லை. கைத்தடியின்றி நடக்கவும் இல்லை. முறிந்த தடியை மறுநாள் பார்த்தோம். மேற்பக்கம் பட்டையோடு முழுதாய் இருந்தது. உள்ளே கறையான் தின்று மண்ணாய் இருந்தது.

பின்னாளில் அவர் அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. ஒருமுறை மட்டும், “தம்பி, நான் கூரையைப் பார்த்தேன், தடியைப் பார்க்கவில்லை” என்றார்.

என் மாணவர் கேட்ட கேள்விக்கு மறுமொழி இதிலேயே அடங்கியிருக்கின்றது என்று இப்போது எண்ணுகின்றேன். நிலையான பரணின் தீங்கு, சென்ற ஆண்டின் உறுதியை இந்த ஆண்டும் நம்பச் செய்வது. எடுத்துச் செல்லும் பரணின் தீங்கு, இன்றைய அவசரத்தை உறுதியென்று நம்பச் செய்வது. ஒன்றிலே பழக்கம் கண்ணை மறைக்கின்றது. மற்றதிலே வேகம் கண்ணை மறைக்கின்றது. எதைத் தெரிந்தாலும் ஏறுமுன் கண் திறந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்காவிலே வேட்டைக்காலத்தில் நேரும் விபத்துக்களுள், அம்பாலும் குண்டாலும் நேர்வன போகப் பரணிலிருந்து வீழ்வதால் நேர்வன மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை அமர்ந்திருக்கும்போது நேர்வன அல்ல. ஏறும்போதும், இறங்கும்போதும், படியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றும் அக்கணத்திலும் நேர்வன. என் அம்மான் வீழ்ந்ததும் அக்கணத்திலேதான். ஆகவே அங்குள்ள பரண் உற்பத்தியாளர் சங்கமும் வேட்டைப் பயிற்சி ஆசிரியர்களும் சில விதிகளை இடைவிடாது வற்புறுத்துகின்றனர்.

முதலாவது, உடற்கச்சை அணிதல். இடுப்பை மட்டும் சுற்றிய பட்டி போதாது. வீழ்ந்தவன் அதிலே தொங்கும்போது மூச்சு நெருக்குண்டு இறத்தலுங் கூடும். தோள், மார்பு, தொடை ஆகிய அனைத்தையும் சுற்றிப் பூட்டும் கச்சையே வேண்டும். அதனை மரத்தோடு இணைக்கும் கயிறு தலைக்கு மேலே, அமர்ந்திருக்கையில் தொய்வின்றி இருத்தல் வேண்டும். இரண்டாவது, நிலத்திலே நிற்கும்போதே அக்கயிற்றோடு இணைந்துவிடல். மரத்தின் அடியிலிருந்து பரணுக்கு மேல்வரை ஓர் உயிர்க்கயிறு கட்டப்படும். அதிலே ஒரு முடிச்சு, கையால் தள்ளும்போது நகரும். பாரம் விழும்போது இறுகிப் பிடிக்கும். இம்முடிச்சு ஒஸ்திரிய நாட்டு மலையேறியான காரல் புரூசிக் என்பவர் 1931ஆம் ஆண்டு விளக்கி வெளியிட்டது. அவர் பெயராலேயே வழங்குவது. மூன்றாவது, ஏறும்போது இரு கால் ஒரு கை, அல்லது இரு கை ஒரு கால் எப்போதும் பற்றியிருத்தல். நான்காவது, வில்லையும் அம்பையும் சுமந்துகொண்டு ஏறாதிருத்தல். அமர்ந்தபின் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளல் வேண்டும். ஐந்தாவது, எந்த மரத்திலே இருக்கின்றேன், எப்போது திரும்புவேன் என்று வீட்டாருக்குச் சொல்லிச் செல்லுதல். கச்சையிலே தொங்கியவன் தப்பிவிட்டான் என்று எண்ணலாகாது. அசையாது தொங்கும்போது குருதி கால்களிலே தேங்கி உயிருக்கு ஆபத்து விளையும். காலூன்ற ஒரு வார்வளையமும், தேடிவர ஒரு மனிதரும் வேண்டும்.

உற்பத்தியாளர் குறிக்கும் பாரமும் கவனித்தற்குரியது. பெரும்பாலான பரண்கள் 300 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 136 கிலோகிராம் வரை தாங்குமெனக் குறிக்கப்படுகின்றன. அது ஆளின் நிறை மட்டுமன்று. குளிருடை, வில், பை, உணவு ஆகிய அனைத்தும் சேர்ந்த நிறையாகும்.

இனி, தெரிவு செய்தற்கு ஒரு வழி கூறலாம். பொது நிலத்திலே வேட்டையாடுபவனுக்குக் கேள்வியே இல்லை. பெரும்பாலும் சட்டமே அவனுக்கு எடுத்துச் செல்லும் பரணைத் தெரிந்துகொடுக்கின்றது. சொந்த நிலம் உடையவன், இளையவன், மான்வழியைத் தேடி அலையும் ஆர்வமுடையவன் ஆயின், அவனுக்கும் அதுவே பொருத்தம். முழங்கால் நோவுடைய முதியவர்க்கும், சிறுவரை அருகே இருத்திப் பழக்குவோர்க்கும் ஏணிப்பரண் ஏற்றது. ஆணியறைந்த மரமேடையை விட, மரத்தைச் சாராது தன் கால்களிலேயே நிற்கும் மேடை நிலையான பரண்களுள் சிறந்தது. மரம் ஆடினாலும் பருத்தாலும் இறந்தாலும் அது அசையாது. பிறர் கட்டிய பழைய பரண் எங்கு காணப்படினும், அதில் ஏறாதிருத்தலே அறிவு.

இவ்வளவையும் எழுதி என் மாணவருக்கு அனுப்பினேன். நண்பரின் நிலையான பரணில் ஏறுவதற்குமுன் அதனைக் கட்டிய ஆண்டு எது என்று கேட்குமாறும் குறிப்பிட்டேன். அவர் கேட்டிருக்கின்றார். நண்பரின் தந்தையார் கட்டியது என்று மட்டுமே நண்பருக்குத் தெரிந்ததாம், ஆண்டு தெரியவில்லை. இருவரும் பகலிலே சென்று அடிப்புறத்தைச் சோதித்து, ஒரு சட்டத்தைக் கையாலேயே பிய்த்தெடுத்தனராம். இப்பொழுது அப்பரண் பிரிக்கப்பட்டுவிட்டது. என் மாணவர் ஏணிப்பரண் ஒன்றும் உடற்கச்சை ஒன்றும் வாங்கியுள்ளார். மானை எய்வாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. மரத்திலிருந்து நடந்து வீடு திரும்புவார் என்பதே எனக்கு வேண்டியது.

நேயர்களே, நம் நாட்டிலே காட்டு விலங்குகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டு முதலே உண்டு. வேட்டைக்குப் பரண் கட்டுமாறு நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் காவலுக்குப் பரண் கட்டுவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். கதிர் தள்ளும் காலத்திலே, பகல் முழுவதும் உழைத்த உடலோடு, இருட்டிய பின் ஏறுகின்றவர்கள் அவர்கள். கடையில் விற்கும் கச்சை அவர்களிடம் இல்லாதிருக்கலாம். ஆயினும் உறுதியான ஒரு கயிறு எந்த வீட்டிலும் உண்டு. பகல் வெளிச்சத்திலே பரணின் கீழே நின்று, ஒவ்வொரு தடியையும் ஒரு முறை தட்டிப் பார்ப்பதற்கு அதுகூட வேண்டியதில்லை. ஓலை புதிதா என்று பார்க்குமுன் தடி உறுதியா என்று பாருங்கள்.